குளிரும் ஈரமும் உள்ள மலை வீட்டுக்கு எந்த வாக்யூம் கிளீனர்?

எங்கள் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே ஒரு கம்பி கட்டியிருக்கிறது. ஐப்பசி மாதம் வந்தால் அதில் சாக்ஸ், பிள்ளைகளின் பள்ளி ஸ்வெட்டர், அவற்றுக்கு நடுவில் ஒரு வாக்யூம் கிளீனர் ஃபில்டர் எல்லாம் தொங்கும். இரண்டு வருடம் முன்பு அப்படித் தொங்கவிட்ட ஃபில்டரை மூன்றாம் நாள் எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. மடிப்புக்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தது. அது ஈரமா, வெறும் குளிரா என்று தொட்டுக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மலையில் துணி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும். குளிர்தான் என்று நினைத்து மாட்டிவிட்டேன். அடுத்த வாரம் மெஷினைப் போட்டதும் அறை முழுக்க நனைந்த சாக்கு வாடை. அம்மாவுக்கு வீசிங் உண்டு. அன்று ராத்திரி இரண்டு முறை இன்ஹேலர் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

போன மாதம் தங்கச்சி கோத்தகிரியில் புது வீட்டுக்குக் குடிவந்தாள். "அண்ணா, வாக்யூம் கிளீனர் ஒண்ணு வாங்கணும். கோயம்புத்தூர்ல 2000 வாட் மெஷின் காட்டுனாங்க, இவர் ரோபோதான் வேணும்கிறார், நீ என்ன சொல்ற?" என்று போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நெட்டில் தேடினால் வரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்து எழுதியவை. குன்னூரிலோ ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கே தூசியும் ஈரமும் சேர்ந்தே வரும், மழைக்காலத்தில் கரண்ட் சொல்லாமல் போகும், சர்வீஸ் சென்டர் மலைக்குக் கீழே இருக்கும்.

வாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடையில் முதலில் காட்டுவது அதைத்தான். பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அந்த எண், மெஷின் எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்பதைச் சொல்கிறது, எவ்வளவு தூசி எடுக்கும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பரிலிருந்து 1600 வாட்டுக்கு மேலுள்ள வீட்டு வாக்யூம் கிளீனர்கள் சந்தைக்கு வரக்கூடாது என்று விதி போட்டார்கள், 2017 செப்டம்பரில் அந்த வரம்பை 900 வாட்டாக இறக்கினார்கள். அந்த 900 வாட்டுக்குள்ளேயே நன்றாக வேலை செய்யும் மெஷின்கள் வந்தன. மோட்டாரும், காற்று போகும் பாதையும், தரையில் படும் தலையும் ஒழுங்காக இருந்தால் கரண்டைக் கொட்ட வேண்டியதில்லை. அதனால் 2000 வாட் என்பதற்காக ஒரு மெஷினை வாங்காதீர்கள்.

கேட்க வேண்டியது இழுவை எவ்வளவு, காற்றோட்டம் எவ்வளவு என்ற இரண்டையும்தான். இழுவையை கிலோபாஸ்கலில் சொல்வார்கள், காற்றோட்டத்தை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று சொல்வார்கள். ஸ்ட்ராவின் அடிப்பக்கத்தை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் ஒட்டிப்போகும் அளவுக்கு இழுவை இருக்கும், ஆனால் இளநீர் ஒரு சொட்டு வராது. பெட்டியில் போடும் கிலோபாஸ்கல் அப்படி வாயை அடைத்து அளந்ததுதான். மணலைப் பலகை இடுக்கிலிருந்து பெயர்த்து எடுக்க இழுவை வேண்டும், எடுத்ததைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கக் காற்றோட்டம் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுக்கு ஏர் வாட் என்று பெயர். அது கொடுத்திருந்தால் மற்ற எல்லா எண்ணையும்விட அதையே நம்பலாம்.

இதில் மலை வீட்டுக்கென்று கழித்துக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாக்யூம் கிளீனருக்குள் இருப்பது வேகமாகச் சுற்றும் ஒரு விசிறி. அது உள்ளேயிருக்கும் காற்றை வெளியேற்ற, வெளிக்காற்றின் அழுத்தம் தூசியை உள்ளே தள்ளுகிறது. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1850 மீட்டர். கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஊட்டிக்குக் கிடைப்பது முக்கால் பங்குக்குச் சற்று மேல், குன்னூருக்கு ஐந்தில் நான்கு பங்கு. குக்கர் இல்லாமல் இங்கே துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கீழேயிருந்து குடிவந்த எல்லோரும் முதல் வாரமே கவனித்திருப்பார்கள், காரணம் இதுவேதான். காற்று மெலிந்தால் விசிறிக்குப் பிடிமானம் குறையும். பெட்டியில் 20 கிலோபாஸ்கல் என்றால் நம் வீட்டில் 16 பக்கம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மெஷினில் இது உறைக்காது. கையடக்கமான சின்ன மெஷின், விலை குறைந்த ஸ்டிக் (கம்பு போல நிமிர்த்திப் பிடித்து ஓட்டும் மெஷின்), இவற்றில் ஏற்கெனவே இழுவை கொஞ்சம்தான், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போனால் கம்பளத்தின் மேல் ஓட்டுவதும் ஓட்டாததும் ஒன்றுதான். பெரும்பாலான மெஷின்களில் மோட்டாரைக் குளிர வைப்பதும் இதே காற்று என்பதால், ஃபில்டர் அடைத்துக்கொண்ட மெஷினை இங்கே விடாமல் ஓட்டினால் சீக்கிரம் சூடாகித் தானாக நின்றுவிடும். நின்றால் பயப்பட வேண்டாம், சுவிட்சை அணைத்துவிட்டு, குழாயிலும் ஃபில்டரிலும் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, ஆறவிட்டுப் போடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பை உள்ளதா, பை இல்லாததா?

பை இல்லாத மெஷினில் தூசி ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் சேரும். நல்ல மெஷின்களில் சைக்ளோன் முறை இருக்கும், காற்றை டப்பாவுக்குள் சுழற்றிவிடுவார்கள், கனமான தூசி ஓரத்துக்கு வீசப்பட்டுக் கீழே விழும், கொஞ்சம் சுத்தமான காற்று நடு வழியாக ஃபில்டருக்குப் போகும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் போயிருக்கிறவர்கள் டிரையர் பக்கத்தில் கூம்பு கூம்பாக நிற்கும் பெரிய தகரக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள், பறக்கும் தேயிலைப் பஞ்சைப் பிரிப்பது அதே வேலை. ஜேம்ஸ் டைசன் இதை வீட்டு மெஷினுக்குள் கொண்டுவர 5127 மாதிரிகள் செய்து பார்த்தார், அவர் பெயரிலேயே முதல் மெஷின் 1993-இல் வந்தது. டப்பா நிறைந்தாலும் இழுவை அவ்வளவாகக் குறையாது, பை வாங்கும் செலவும் இல்லை. நானும் இதையெல்லாம் பார்த்துத்தான் முதலில் பை இல்லாத மெஷின் வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் இரண்டு விஷயம் புரிந்தது. டப்பாவைத் திறந்து கொட்டும்போது மேலே ஒரு சாம்பல் நிறப் புகை கிளம்புகிறது. பிடித்த தூசியில் மிக நுண்ணியது எதுவோ, மூச்சுக்கு ஆகாதது எதுவோ, அதுதான் அந்தப் புகை. வீட்டு வாசலில் நின்று, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக் கொட்டினாலும் பாதி சட்டையில்தான். இரண்டாவது, சைக்ளோன் பிரிக்காமல் விட்ட நுண்தூசி முழுக்க ஃபில்டரில் போய் அடைவதால், அந்த ஃபில்டரை மாதம் ஒரு முறையாவது கழுவ வேண்டும். கழுவிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள் என்று கையேட்டில் போட்டிருக்கும். அந்த 24 மணி நேரம் கோயம்புத்தூர் வெயிலுக்குச் சரி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்து நாலைந்து நாள் வெயிலே பார்க்க முடியாது. கூடலூர், நடுவட்டம் பக்கமோ ஆனி ஆடியிலேயே கொட்டும். ஈரம் உள்ளே இருக்கும் ஃபில்டரை மாட்டினால் அதில் ஏற்கெனவே இருக்கும் தோல் செதிலும் துணி நூலும் பூசணத்துக்குச் சாப்பாடு. அப்புறம் மெஷினைப் போடும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் வீடு முழுக்க ஊதிக்கொண்டிருப்போம். ஹேர் டிரையரில் காட்டலாமா என்று கேட்பார்கள், கூடாது, ஃபில்டரின் மெல்லிய இழைகளும் அதை ஒட்டியிருக்கும் பசையும் சூட்டில் கெட்டுவிடும்.

பை உள்ள மெஷினில் பையே முதல் ஃபில்டர். நெய்யாத செயற்கைத் துணியில் நாலைந்து அடுக்காக வரும் பை நல்லது, வெறும் காகிதப் பை இங்கத்திய ஈரத்தில் தொய்ந்து கிழிந்துவிடும். நிறைந்ததும் வாயை மூடி அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம், புகை கிளம்பாது. பின்னாலிருக்கும் ஃபில்டருக்குப் போகும் தூசி குறைவு என்பதால் அதை அடிக்கடி கழுவவும் வேண்டாம். சில மாடல்களில் கழுவவே கூடாது, வருடத்துக்கு ஒரு முறை புதிதாக மாற்ற வேண்டும், மழை வீட்டுக்கு அதுவே வசதி. குறை என்னவென்றால் பை நிறைய நிறைய இழுவை குறையும், பைக்கு ஒவ்வொரு முறையும் காசு, அந்த மாடலுக்கான பை இரண்டு வருடம் கழித்தும் கிடைக்குமா என்ற கவலை. வாங்கும்போதே ஒரு வருடத்துக்கான பையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பாதி நிறைந்த பையை மழைக்காலம் முழுக்க மெஷினுக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள், பைக்குள்ளும் பூசணம் வரும். நான் நிறைந்ததா என்று பார்ப்பதில்லை, புரட்டாசி கடைசியில் ஒன்று, கார்த்திகை கடைசியில் ஒன்று என்று நாள் வைத்து மாற்றிவிடுகிறேன். உதறிவிட்டுத் திரும்பப் போடும் துணிப்பை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதை உதறுவது டப்பாவைக் கொட்டுவதைவிட மோசம்.

வீட்டில் வீசிங், சைனஸ், தும்மல் உள்ளவர்கள் இருந்தால் என் பதில் பை உள்ள மெஷின்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பெயரை வைத்து நிறைய விற்கிறார்கள். ஐரோப்பியத் தரப்படி எச் 13 என்றால், பிடிப்பதற்கு மிகவும் கஷ்டமான அளவுத் துகளில் 99.95 சதவீதத்தை அது பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் என்பார்கள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). "ஹெப்பா டைப்", "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் அது எந்தத் தரத்துக்கும் உட்பட்டதில்லை. ஆனால் நம் வீட்டுப் பிரச்சினை 0.3 மைக்ரானில் இல்லை. பூசண வித்துகள் பெரும்பாலும் 2 மைக்ரானுக்கு மேல், மெத்தையிலும் கம்பளியிலும் வாழும் தூசிப் பூச்சியின் கழிவு 10 மைக்ரானுக்கும் மேல். இவற்றை நடுத்தர ஃபில்டரே பிடித்துவிடும், காற்று முழுதும் ஃபில்டர் வழியாகத்தான் போகிறது என்றால். மூடியின் ரப்பர் சரியாக உட்காராமல் பக்கவாட்டில் காற்று கசிந்தால் எச் 14 போட்டும் பயனில்லை. ஒரு மாதம் ஓட்டியபின் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்பக்கம், மூடி சேரும் விளிம்பு, மோட்டாருக்குப் போகும் வாய் இவற்றை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் கோடு விழுந்திருந்தால் அங்கேதான் கசிவு. வாங்கும் முன் கடையில் ரப்பர் வளையத்தைத் தடவிப் பாருங்கள், மெத்தென்று, சுற்றிலும் விடுபடாமல் இருக்க வேண்டும்.

தூசிப் பூச்சிக்கு ஈரம்தான் உயிர். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அது பிழைக்காது, நம் ஊரில் மழைக்காலத்தில் அந்த நிலைமை வருவதில்லை. வாக்யூம் கிளீனர் மேலே கிடக்கும் கழிவை எடுக்கும், இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள பூச்சியைப் பெரும்பாலும் எடுக்காது. போர்வையையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும், தை மாசி வெயிலில் மெத்தையை வெளியே போடுவதும் மெஷின் செய்யாத வேலை. பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி நீல விளக்கு எரியும் மெத்தை கிளீனர் ஒன்று விற்கிறார்களே, அந்த வெளிச்சம் மேல் துணியைத் தாண்டி உள்ளே போகாது, நான் அதற்குப் பணம் போடமாட்டேன். அப்புறம், வீசிங் உள்ளவர் இருக்கும் அறையில் அவரை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓட்டி முடித்து அரை மணி நேரம் கழித்து உள்ளே வரட்டும்.

தண்ணீர் ஃபில்டர் மெஷின் பற்றிச் சுருக்கமாக. தூசிக்காற்றைத் தண்ணீர் வழியாகக் குமிழ விட்டு அனுப்பும், அழுக்குத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் தெரிவதால் பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் குமிழிக்குள் மாட்டிய நுண்தூசி தண்ணீரைத் தொடாமலே வெளியே போய்விடும், அதனால் பின்னால் ஹெப்பா எப்படியும் வேண்டும். வெளியே வரும் காற்றிலும் ஈரம் இருக்கும், ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். சுவரே வியர்க்கும் ஊரில் இது வேண்டாம்.

ஈரம், உலர் இரண்டையும் எடுக்கும் டிரம் மெஷின் அப்படியில்லை, அதற்கு இங்கே நிஜமான தேவை உண்டு. 15 முதல் 20 லிட்டர் டிரம், சக்கரம், தடித்த குழாய், பெரிய சத்தம். கேத்திப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் தெரிந்தவர் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார். தகரக் கூரை ஒழுகி அறைக்குள் தண்ணீர் நிற்கும்போது, விருந்தினர் காலணியோடு தேயிலைத் தோட்டத்துச் சிவப்புச் சேற்றை ஹாலுக்குள் கொண்டுவரும்போது, வேறு எந்த மெஷினும் பக்கத்தில் வர முடியாது. தண்ணீர் எடுக்கும் முன் உள்ளேயிருக்கும் பையையும் உலர் ஃபில்டரையும் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் உறையைப் போட வேண்டும். டிரம் நிறைந்தால் உள்ளே ஒரு மிதவை மேலே வந்து காற்று வழியை அடைக்கும், சத்தம் திடீரென்று கிறீச்சென்று மாறும், அப்போது நிறுத்திவிட வேண்டும். அதே மெஷினின் ஊதும் பக்கத்தில் குழாயை மாட்டி முற்றத்துக் கற்பூர மரத்து இலையை ஒதுக்கலாம். விலையும் 5,000 ரூபாய்க்குப் பக்கத்திலிருந்தே கிடைக்கும். ஆனால் கூடவே வரும் துணி ஃபில்டர் நுண்தூசிக்குப் போதாது, மேல்மாடிக்குத் தூக்குவதும் சிரமம், வயதானவர்கள் தனியாகக் கையாளக் கனம்.

வயரில்லாத ஸ்டிக் மெஷினைப் பற்றி என் அபிப்பிராயம் மாறியிருக்கிறது. முதலில் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்து பார்த்தபோது, ஹாலில் நாய் முடி, சாப்பாட்டு மேசைக்குக் கீழே பிஸ்கட் தூள், படிக்கட்டில் மண், எல்லாம் ஒரு நாளைக்கு மூன்று முறை சேர்கிறது. ஐந்து மீட்டர் வயரை இழுத்துப் பிளக் தேடும் மெஷினை யாரும் மூன்று முறை எடுக்கமாட்டார்கள். சுவரில் மாட்டியிருப்பதை எடுத்து இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிட்டு மாட்டிவிடலாம் என்றால் எடுப்பார்கள். விளம்பரத்தில் 40 நிமிடம், 60 நிமிடம் என்று போடுவது மிகக் குறைந்த வேகத்தில், பிரஷ் மோட்டார் இல்லாமல் ஓட்டும் கணக்கு. முழு வேகத்தில் பெரும்பாலானவை 10 நிமிடத்தைச் சுற்றித்தான் தாங்கும். பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள், மூன்று நான்கு வருடத்தில் அது தளரும், கழற்ற முடியாவிட்டால் மெஷினோடு போய்விடும்.

குளிரும் ஒரு விஷயம். லித்தியம் பேட்டரிக்கு 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகச் சேதம் ஆகும், சில கையேடுகளில் 10 டிகிரிக்குக் கீழேயே சார்ஜ் போட வேண்டாம் என்று இருக்கும். குன்னூரில் வீட்டுக்குள் அந்த அளவு குளிர் அபூர்வம். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் மார்கழி தையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் நாட்களில், பின்கட்டிலோ கார் ஷெட்டிலோ சார்ஜரை மாட்டி வைத்திருந்தால் காலையில் சார்ஜ் ஏறியிருக்காது, அல்லது ஏறக்கூடாத நேரத்தில் ஏறியிருக்கும். சமையலறைப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். இவற்றிலும் ஃபில்டர் கழுவும் தொல்லை உண்டு, ஆனால் ஃபில்டர் கையளவுதான், இன்னொன்று வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் முதலாவது ஒரு வாரம் நிதானமாகக் காயட்டும்.

கரண்ட் போவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். காற்று மழையில் சீகை மரமோ கற்பூர மரமோ லைன் மேல் சாய்ந்தால் அரை நாள் இருட்டு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் 1400 வாட் மெஷினை ஓட்ட முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். முன்பே சார்ஜ் ஏறிய ஸ்டிக் மெஷின் அந்த நேரத்தில் கைகொடுக்கும். கரண்ட் பில்லைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை, 1400 வாட் மெஷினை 20 நிமிடம் ஓட்டினால் அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. வாரம் இரண்டு முறை ஓட்டினாலும் இரண்டு மாத பில்லில் எட்டு யூனிட் வரும்.

ரோபோ. மச்சானுக்கு ஆசை என்பதால் நிறையப் பார்த்தேன். மேலே சின்ன கோபுரம் போல லேசர் சுற்றும் ரோபோ, அறையின் வரைபடத்தை இருட்டிலும் சரியாகப் போடும். கேமராவை மட்டும் நம்பும் ரோபோவுக்கு வெளிச்சம் வேண்டும், மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி வீடு இருண்டுவிடும் ஊரில் அது தடுமாறும். 5000 பாஸ்கல் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது 5 கிலோபாஸ்கல்தான், வயர் மெஷினின் கால் பங்கு. தினமும் ஓடுவதால் அந்தக் குறை ஈடாகும் என்பது உண்மைதான், டைல்ஸ் தரையில். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரமான நிலைப்படியைப் பெரும்பாலான ரோபோக்களால் ஏற முடியாது. எங்கள் வீடு போன்ற பழைய வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு படி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இரண்டு. கறுப்புக் கம்பளத்தைப் பள்ளம் என்று நினைத்து விளிம்பிலேயே திரும்பிவிடுவதும், கம்பள ஓரத்துக் குஞ்சத்தை உருளையில் சுற்றிக்கொண்டு நிற்பதும் சாதாரணம். மாப் போடும் வசதியைப் பலகைத் தரையில் பயன்படுத்தாதீர்கள், பலகை இடுக்கில் இறங்கிய ஈரம் மழைக்காலம் முடியும் வரை அங்கேயே இருக்கும். ஒரே மட்டமான டைல்ஸ் தரை, வேலைக்குப் போய் மாலையில் வரும் இருவர், பொருள்கள் தரையில் கிடக்காத வீடு என்றால் வாங்கலாம், அதுவும் ஏற்கெனவே வேறொரு மெஷின் வீட்டில் இருக்கும்போது.

எந்த மெஷின் வாங்கினாலும் கணப்படுப்புச் சாம்பலை மட்டும் அதில் எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு மாமா முந்தின ராத்திரி எரித்த சீகை விறகின் சாம்பலை மறுநாள் மதியம் எடுத்தார், மேலே தொட்டால் குளிர்ந்துதான் இருந்தது. சாம்பலுக்குள் புதைந்த கங்கு ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு இருக்கும், மெஷினின் காற்றோட்டம் அதற்குத் துருத்தி ஊதுவது போல. இரண்டு நிமிடத்தில் பிளாஸ்டிக் உருகும் வாடை, பை முழுக்க ஓட்டை, ஃபில்டரில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாகக் கருகியிருந்ததை நானே பார்த்தேன். மெஷினை முற்றத்துக்கு இழுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றினார்கள். சாம்பலை முறத்தால் அள்ளி மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே நாலு நாள் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குக் கொட்டுங்கள்.

தரையில் படும் தலையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. தடித்த கம்பளத்துக்கும் நாய் முடிக்கும் சுழலும் பிரஷ் வேண்டும், அதுவும் தனி மோட்டார் வைத்தது. அதே பிரஷைப் பலகைத் தரையிலும் மெழுகு போட்ட காவித் தரையிலும் ஓட்டினால் இடையில் சிக்கிய மணல் கீறும், பிரஷை நிறுத்தும் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். பவானி ஜமக்காளம் போன்ற மெல்லிய விரிப்பு குழாயோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பும். பிடியில் நகத்தளவுக்கு ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதைப் பாதி திறந்துவிட்டால் இழுவை குறைந்து விரிப்பு படிந்துவிடும். அந்த ஜன்னல் எதற்கென்று தெரியாமல் பல வருடம் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சர்வீஸ் பற்றிக் கடைசியாக. பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைத்த வாரத்தில் என் பழைய மெஷின் கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டது, திரும்பி வர ஒன்றரை மாதம். இப்போது எதை வாங்கினாலும் ஃபில்டர், பை, குழாய், தலை நான்கும் தனியாகக் கூரியரில் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வரும் என்று உறுதியாகச் சொன்னால், அதற்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் பை உள்ள வயர் மெஷின், 1000 வாட்டுக்கும் குறைவு, எச் 13 ஃபில்டர், இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, அந்தச் சாக்கு வாடை திரும்ப வரவில்லை. தங்கச்சி வீட்டில் யாருக்கும் மூச்சுப் பிரச்சினை இல்லை, புது டைல்ஸ் தரை, ஒரு லாப்ரடார், இரண்டு வாண்டுகள். அவளுக்குப் பேட்டரி கழற்றும் ஸ்டிக் மெஷினும் கூடுதலாக ஒரு ஃபில்டரும் போதும் என்றேன். மச்சான் ரோபோவை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மெஷின் வந்து சேர்ந்தது. "அண்ணா, அந்த ஸ்பேர் ஃபில்டரை எங்க வைக்க? பீரோவுல வச்சா ஒரு மாசத்துல மணக்கும்ல?" என்று கேட்டாள். மணக்கும்தான். இறுக்க மூடும் முறுக்கு டின் ஒன்றை எடுத்து, புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் மூன்று நாலு போட்டு, அதில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.